அக்கரையில் விழுந்த பன்

6 செப்டம்பர் 1988, செவ்வாய்

பிளம் ஜாம் காய்ச்சினோம். பதினாறு ஜாடி. பதினேழாவதில் குளவி ஒன்று விழுந்து செத்துவிட்டதால், அதைப் பாதிரியாருக்கென்று டல்சி தனியாக எடுத்து வைத்தாள். "குளவிய எடுத்துப் போட்டாச்சுக்கா, அவருக்கு எங்க தெரியப் போவுது?" என்றாள். நான்கு வீடு தள்ளி இருந்த என் தங்கை, புருஷன் இறந்தபின் என்னோடு வந்து சேர்ந்து பதினொரு வருடம் ஆகிறது. அதற்குள் மூன்று பாதிரியார்களை இப்படிக் கவனித்து அனுப்பியிருக்கிறாள்.

மத்தியானம் பேசில் திரிப் வந்தார். பன்றிப் பண்ணைக்காரர், எங்கள் பங்குச் சபைத் தலைவர். பண்ணைக்காரராக வந்தால் வாசலிலேயே காலணியைக் கழற்றுவார், தலைவராக வந்தால் கழற்றமாட்டார். இன்று கழற்றவில்லை. நவம்பர் 8 அன்று ஊர் மன்றத்தில் விசாரணையாம். நீர்நாய்ப் புல்வெளி ஆம்ப்ரி ஊருக்குப் பாத்தியப்பட்ட பொதுவெளியா, இல்லை கேதர்கோல் குடும்பத்தின் வெறும் மேய்ச்சல் நிலமா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும். கிழவர் கேதர்கோல் போன வருடம் போய்ச் சேர்ந்தார். லண்டனில் இருக்கும் தம்பி மகன் அதற்குள் பதினொரு வீட்டுக்கு வரைபடம் போட்டுவிட்டான்.

"பயப்படாதீங்க மிஸ். அவன்கிட்ட வக்கீல் இருக்கான். நம்மகிட்ட நீங்க இருக்கீங்க."

அதாவது என் புத்தகம். 1961-இல், தபால் நிலையத்தை நான் நடத்திக்கொண்டிருந்தபோது, கோயிலின் பழைய மரப்பெட்டியைக் குடைந்து நாற்பத்தெட்டுப் பக்கத்தில் ஊர்ச் சரித்திரம் எழுதினேன். பக்கம் 31-இல் அந்த வழக்கம் இருக்கிறது. வசந்தத்தில் ஒரு திங்கட்கிழமை ஊரே கோயில் பங்கின் எல்லையைச் சுற்றி நடக்கும். புல்வெளி ஓரத்து எல்லைக் கல்லில் ஊர்ப் பெரியவர் ஒருவரைத் தலைகீழாகத் தூக்கி மூன்று முறை மெல்ல இடிப்பார்கள். பிறகு ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் விண்டல் ஊர் மேல் ஆளுக்கொரு பன் எறிவார்கள். புத்தகம் வந்த வருடமே அப்போதைய பாதிரியார் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தார். அன்றிலிருந்து ஒரு வருடம்கூட விட்டதில்லை. இப்போது யாரைக் கேட்டாலும் இடைவெளியே இல்லாத நானூறு வருடப் பழக்கம் என்பார்கள்.

நீர்நாயை நான் பார்த்ததில்லை. ஆனால் நாற்பது வருடமாக ஒவ்வொரு காலையும் அங்கேதான் நடக்கிறேன். அங்கே பதினொரு வீடு வந்தால் எனக்கு நெஞ்சே நின்றுவிடும். ஜாடிகளுக்குச் சீட்டு ஒட்டவேண்டும்.

11 செப்டம்பர், ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வருகையில் பேசில் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய கொள்ளுத்தாத்தா பன் எறியும் சண்டையில் பல்லை இழந்தவராம். போன வருடம் ஒரு பல். இன்று இரண்டு.

21 செப்டம்பர், புதன்

என்ன எழுதுவது? ச்சே.

நான்கு மணிக்குக் கதவைத் தட்டினார் லயனல் கிராப். விண்டல்காரர். ரயில்வேயில் சிக்னல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். விண்டல் ஊர்ச் சரித்திரத்தை இருபது வருடமாக எழுதுகிறார். அதில் இன்னும், ஆயிரத்தைந்நூறு வருடம் முன் இந்த நாட்டை ஆண்ட ரோமானியர்களே கிளம்பிப் போகவில்லை என்று கேள்வி. எங்கள் பன் எறியும் நாளில் எதிர்க்கரையில் கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு நிற்கும் ஒரே மனிதர். மற்ற விண்டல்காரர்கள் அன்று வெளியே வருவதில்லை. இருபத்தேழு வருடத்தில் நானும் அவரும் பேசியது வானிலையைப் பற்றி மட்டும்தான்.

தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "மிஸ் பாம்ஃப்ரெட், உங்க புத்தகத்துல முப்பத்தோராம் பக்கம்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. இருந்திருக்கக் கூடாது.

அந்த வழக்கத்தை நான் எடுத்தது, பெட்டியில் கிடைத்த ஒரு பாதித் தாளிலிருந்து. மீதிப் பாதி எங்கே? "எலி தின்றுவிட்டது" என்று அடிக்குறிப்பு போட்டிருந்தேன். எலி தின்னவில்லை. விண்டல் கோயிலில் பாட்டுப் புத்தகப் பெட்டியின் அடியில் விரித்துக் கிடந்திருக்கிறது. கிராப் அதை ஒரு பிஸ்கட் டப்பாவில் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார்.

நான் படித்தேன். 1743-இல் டோபையஸ் ராக் என்ற பாதிரியார் எழுதியது: "விண்டல் மக்கள் இவ்வாறே ஆண்டுதோறும் எறிகிறார்கள். ஆம்ப்ரிக்காரர்கள் எதிர்க்கரையில் நின்று வாங்கிக்கொள்கிறார்கள். கோபப்படுவதில்லை."

வழக்கம் எங்களுடையதே இல்லை. அவர்களுடையது. நாங்கள் அடி வாங்கினவர்கள்!

"ரெண்டு ஊருக்கும் அவர் ஒருத்தர்தான் பாதிரியார்" என்றார் கிராப், மன்னிப்புக் கேட்கிற குரலில். "காகிதத்தை எல்லாம் ஒரே பெட்டியில போட்டு வச்சிருக்கார்."

"விசாரணையில காட்டப்போறீங்களா?"

"அது உங்க ஊர் விஷயமாச்சே. நான் எதுக்கு நடுவுல?" எழுந்தவர் டப்பாவை எடுக்கவே இல்லை. "இது உங்ககிட்டயே இருக்கட்டும், மிஸ் பாம்ஃப்ரெட்."

டல்சி தேநீர் கொண்டுவருவதற்குள் போய்விட்டார்.

22 செப்டம்பர், வியாழன்

சாப்பிடவில்லை.

25 செப்டம்பர், ஞாயிறு

ஆராதனைக்குப் பின் கோயில் பெட்டியைத் திறந்து எங்கள் பாதியை எடுத்தேன். இரண்டையும் மேசையில் சேர்த்து வைத்தேன். கிழிந்த ஓரம் ஒரு நூல் பிசகாமல் பொருந்துகிறது. எங்கள் பாதியில் "இந்த ஊர் மக்கள்" என்று மட்டும்தான் இருக்கிறது, ஊர்ப் பெயர் இல்லை. எந்த ஊர் என்று எனக்கு ஏன் ஒரு கணம்கூடச் சந்தேகம் வரவில்லை? எங்கள் பெட்டியில் இருந்தால் எங்களுடையதுதான் என்று எடுத்துக்கொண்டேன். முப்பது வருடம் தபால் நிலையம் நடத்தியவள்! தவறான பையில் விழுந்த கடிதத்தைத் தினமும் பார்த்தவள்.

அந்த எலியிடமும் மன்னிப்புக் கேட்கவேண்டும்.

2 அக்டோபர், ஞாயிறு

டல்சியிடம் சொல்லிவிட்டேன். அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டாள்.

"அப்ப நான் இத்தனை வருஷமா வருஷத்துக்கு இருநூறு பன் சுட்டேனே, அது?"

"தப்பான திசையில எறிஞ்சிருக்கோம்."

சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நம்ம கொள்ளுத்தாத்தாங்க எல்லாம் வரிசையா நின்னு மூஞ்சில வாங்கியிருக்காங்கக்கா. அதான் பேசில் தாத்தாவுக்குப் பல்லு போயிருக்கு. அந்த ஆளு சொல்றது ஒண்ணாவது நிஜமாயிருச்சு பாரு" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. விசாரணையில் பைபிளில் கைவைத்துச் சொல்லவேண்டியவள் நான். உண்மையைச் சொன்னால் புல்வெளி போய்விடும். சொல்லாவிட்டால் பொய்ச் சத்தியம். இதை அவளிடம் சொன்னேன்.

"எதுக்கும் அந்த முப்பத்தோராம் பக்கத்தை எனக்கு ஒரு தடவ காட்டு. நான் படிச்சதே இல்ல" என்றாள்.

இருபத்தேழு வருடம். சொந்தத் தங்கை.

9 அக்டோபர், ஞாயிறு

பேசிலிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. பன்றித் தொட்டியின் ஓரத்தில் நின்று கேட்டார். பேசில் பேசாமல் இருந்தால் பன்றிகளே நிமிர்ந்து பார்க்கின்றன.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"டல்சிக்கு. மிஸ்டர் கிராப்புக்கு."

"விண்டல்காரனுக்கா! தாள் எங்க?"

"என்கிட்ட."

அவர் முகம் மலர்ந்தது. "அப்புறம் என்ன மிஸ்? எலி தின்னுச்சுன்னு நீங்களே அச்சுல போட்டிருக்கீங்க. தின்னதாவே இருந்துட்டுப் போவட்டும். மனு படிவத்துல நான் 'நினைவுக்கெட்டாத காலம் முதல்' அப்படிங்கிற கட்டத்துலதான் டிக் போட்டிருக்கேன். அதுக்கு உங்க பக்கம்தான் ஆதாரம். அது போச்சுன்னா எல்லாம் போச்சு."

போகும்போது ஒரு பன்றித் தொடையைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். லஞ்சம் என்று சொல்லமாட்டேன். நன்றாக வெந்தது.

14 அக்டோபர், வெள்ளி

அடுப்பில் நெருப்பு அருமையாகப் பிடித்திருக்கிறது. பிஸ்கட் டப்பா அலமாரியில். எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டேன்.

23 அக்டோபர், ஞாயிறு

புல்வெளியில் நடந்துகொண்டிருந்தபோது எதிர்க்கரையில் கிராப். குடை இல்லாமல் அவரைப் பார்ப்பது ஏதோ போலிருந்தது. ஓடையின் அகலம் பத்துத் தப்படிதான் இருக்கும், சத்தம் போடாமலே பேசலாம். இத்தனை வருடம் அது தெரியவில்லை.

"ஏன் அந்தத் தாளை என்கிட்ட விட்டுட்டுப் போனீங்க?" என்று நேராகவே கேட்டேன்.

"எரிக்கணும்னா எரிக்கட்டும்னுதான்."

"எரிக்கல."

"தெரியும்."

எப்படித் தெரியுமாம்! கோபம் வந்தது. எங்கள் பன்கள் பாதிக்கு மேல் தண்ணீரில் விழுந்துவிடுமே, எதற்காக அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று கேட்டேன்.

"ஒண்ணு விழுந்துச்சே. எழுபத்து நாலுல. தொப்பியில. அந்த வருஷம் குடை கொண்டுவரல." கொஞ்சம் தயங்கினார். "அது இன்னும் என் வீட்டு அடுப்பு மாடத்துல இருக்கு. பூசணம்கூடப் பிடிக்கல."

"அது என் தங்கச்சி சுட்டது. பூசணத்துக்கும் பயம் இருக்குமில்ல. ஆமா, எதுக்கு வச்சிருக்கீங்க?"

"எறிஞ்சது யாருன்னு பார்த்தேன்" என்றார். தொப்பியைத் தொட்டு வணங்கிவிட்டுப் போனார்.

எறிந்தது நான். அந்த வருடம் எனக்குப் புதுக் கண்ணாடி. குறி பார்த்தேனா? இல்லை என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன்.

7 நவம்பர், திங்கள்

சாம்பல் நிறக் கோட்டைத் தேய்த்து வைத்தேன். டப்பாவைக் கைப்பையில் வைத்தேன். வெளியே எடுத்தேன். வைத்தேன்.

டல்சி, "என்ன சொல்றதா இருந்தாலும் தெளிவாச் சொல்லு. பின்னாடி வரிசையில காது கேக்காது" என்றாள்.

8 நவம்பர், செவ்வாய்

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன், மறப்பதற்குள்.

மன்றம் நிறைந்திருந்தது. விசாரணை அதிகாரி திரு. ஓக்‌ஷாட், குள்ளமானவர், கடும் சளி. ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் மூக்கைச் சிந்தினார். கேதர்கோலின் தம்பி மகன் முதல் வரிசையில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் வக்கீல்.

முதலில் பேசில். கொள்ளுத்தாத்தா, பல். இன்று மூன்று. பைபிளில் கை வைத்துவிட்டு!

அடுத்து நான். சத்தியம் செய்தேன். அதிகாரி என் புத்தகத்தைக் கையில் எடுத்து, மிகச் சிறப்பான பணி என்றார். பேசில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியே புல்வெளி தெரிந்தது.

"ஐயா, முப்பத்தோராம் பக்கம் தப்பு" என்றேன்.

டப்பாவைத் திறந்தேன். இரண்டு பாதிகளையும் மேசையில் பொருத்தி வைத்தேன். அதிகாரி உரக்கப் படித்தார். "கோபப்படுவதில்லை" என்ற இடத்தில் பின்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். டல்சியாகத்தான் இருக்கும். வக்கீல் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"அப்ப இந்த வழக்கம் ஆம்ப்ரியில் எப்போ ஆரம்பிச்சது?" என்று அதிகாரி கேட்டார்.

"என்னால் ஆரம்பிச்சது ஐயா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொண்ணுல. அதுக்கு முன்னாடி கிடையாது. மன்னிச்சிடுங்க." இவ்வளவு பேர் முன்னால் அழுவேனோ என்று பயந்தேன். எங்கள் குடும்பத்தில் யாரும் பொது இடத்தில் அழுததில்லை.

அதிகாரி எழுதினார். மூக்கைச் சிந்தினார். விரல் விட்டு எண்ணினார். "ஒரு வருஷமாவது விட்டீங்களா?"

"இல்ல. கோமாரி வந்த வருஷம் மட்டும் காலணியைக் கிருமிநாசினியில் கழுவிட்டுப் போனோம்."

"அப்போ இருபத்தேழு வருஷம்." மனுப் படிவத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பேசிலிடம் காட்டினார். "மிஸ்டர் திரிப், நீங்க இந்தப் பக்கத்தைப் பார்க்கலையா? இருபது வருஷமா ஊர்க்காரங்க விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் ஒரு இடத்தைப் பயன்படுத்தினாலே போதும். நானூறு வருஷம் வேண்டாம்."

பேசில் பார்க்கவில்லை. அவர் எதிலுமே பின்பக்கம் பார்க்கிறவர் இல்லை.

"ஆனா வருஷத்துக்கு ஒரு நாள் பன் எறிஞ்சா போதாது. அங்க வேற என்ன செய்வீங்க?"

ஒருவர் எழுந்து கூச்சத்தோடு, நாயை நடத்திப் போவோம் என்றார். பிள்ளைகள் பட்டம் விடும், பனி விழுந்தால் தகரத்தில் சறுக்கும், கோடையில் கிரிக்கெட். அடுக்கிக்கொண்டே போனார்கள். இதையெல்லாம் ஏன் மனுவில் எழுதவில்லை என்று அதிகாரி கேட்டார். "இதையெல்லாமா ஐயா ஒரு அதிகாரிக்கு எழுதறது?" என்றார் பேசில், உண்மையாகவே அதிர்ந்துபோய்.

வக்கீல் விடவில்லை. எழுந்தார். "நிலத்துக்காரர் அனுமதி கொடுத்திருந்தா அது உரிமையில்ல, வெறும் சலுகை. மிஸ் பாம்ஃப்ரெட், முதல் வருஷம் காலஞ்சென்ற திரு. கேதர்கோலுக்கு நீங்க கடிதம் எழுதி அனுமதி கேட்டீங்கதானே? அந்தக் காலத்துல நாகரிகமானவங்க கேட்டிருப்பாங்களே."

"எழுதினேன்" என்றேன். மன்றம் முழுக்கப் பெருமூச்சு. பேசில் தலையைக் கையில் பிடித்துக்கொண்டார்.

"அவர் என்ன பதில் போட்டார்?"

"போடல. நான் அனுப்பவே இல்ல."

"தபால் நிலையம் நடத்தினவங்க நீங்க!"

"ஆமா. ஆனா அவருக்கு என்னை யாரும் அறிமுகம் செஞ்சு வைக்கலையே. முன்பின் தெரியாதவருக்கு எப்படிக் கடிதம் போடறது? அதோட கேட்டுட்டா, பாவம், அவருக்கு முடியாதுன்னு சொல்லவேண்டிய சங்கடம்."

"அவர் உங்களைத் தடுத்தாரா?"

"அந்த நாளில் எங்களைத் தூரத்தில் பார்த்ததும் தொப்பியைத் தூக்குவார். அப்புறம் முதுகைத் திருப்பிட்டு அடுத்த வயலுக்குப் போயிடுவார். எங்களுக்குச் சங்கடமா இருக்கக்கூடாதுன்னு."

அதிகாரி கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் இருந்தார். சளி மட்டுமாக இருக்காது. பிறகு, "கேட்கவும் இல்லை, ஒளிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வந்தபோது கிராப் மழையில் நின்றுகொண்டிருந்தார். "நல்லாச் சொன்னீங்க" என்றார். குடையை என்னிடம் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே போனார்.

9 நவம்பர், புதன்

ரொட்டிக் கடையில் யாரும் என்னைத் திட்டவில்லை. புத்தகத்தில் தப்பு என்பதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. எட்டுப் பேரிடம் விசாரித்தேன். யாருமே படித்ததில்லை. இதைவிடத் திட்டியிருக்கலாம்.

குடையைத் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

19 ஜனவரி 1989, வியாழன்

கடிதம் வந்துவிட்டது. நீர்நாய்ப் புல்வெளி ஆம்ப்ரியின் பொதுவெளியாகப் பதிவாகிறது. வீடு கிடையாது. பேசில் கோயில் மணியைத் தானே அடித்தார். யாரோ இறந்துவிட்டார்கள் என்று பாதி ஊர் ஓடிவந்தது. நான் புல்வெளிக்குப் போய் நடுவில் நின்று நன்றாக அழுதேன். பொது இடம்தான். போகட்டும்.

26 பிப்ரவரி, ஞாயிறு

பக்கம் 31-க்குத் திருத்தச் சீட்டு அச்சாகி வந்தது. நானும் கிராப்பும் எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மிச்சப் பிரதிகளில் ஒட்டினோம். எலியைப் பற்றி ஒரு வரி சேர்க்கவேண்டும் என்று அவர்தான் பிடிவாதம் பிடித்தார், சேர்த்தேன். இது நான்காவது ஞாயிறு. ஒவ்வொரு முறையும் குடையை எடுத்துப்போகத்தான் வருகிறார், மறந்துவிட்டுப் போகிறார். டல்சி ஒன்றும் சொல்வதில்லை. ஆட்டிறைச்சியை மட்டும் மூன்று பேருக்கு வாங்குகிறாள்.

1 மே, திங்கள்

எல்லை நடை. ஏழு மைல். வழக்கம்போல் பேசிலைத் தலைகீழாகத் தூக்கிக் கல்லில் இடித்தோம். இந்த முறை மூன்றாவது இடி கொஞ்சம் பலமாகவே விழுந்தது. அந்த மூன்று பல்லின் நினைவாக இருக்கலாம்.

பிறகு ஓடைக்கரைக்குப் போனால், எதிர்க்கரையில் விண்டல் ஊரே வரிசையாக நிற்கிறது. கையில் கூடைகள். பாதிரியார் ராக் எழுதினபடி அவர்கள் உரிமையை அவர்கள் எடுத்துக்கொள்கிறார்களாம். இருபத்தெட்டு வருடப் பாக்கி. நாங்கள் குனிவதற்குள் வந்து விழுந்தன. அவர்கள் பன் மிருதுவாக இருந்தது, அதுதான் டல்சிக்குப் பொறுக்கவில்லை. நாங்களும் எறிந்தோம், எங்கள் உரிமையும் இப்போது பதிவாகிவிட்டதே. யாரும் கோபப்படவில்லை.

கடைசியில் ஒன்று மட்டும் என் தொப்பியில் பட்டுக் கல்போல் கீழே விழுந்தது. பழுப்பேறிக் கறுத்த பன். டல்சி எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். கல்லில் தட்டினாள். உடையவில்லை. "அக்கா, இது நான் சுட்டது!"

அக்கரையில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். குடை இல்லை. அது எங்கள் வீட்டில் இருக்கிறது.

"ஹெஸ்டர், பதினஞ்சு வருஷமா குறி பார்த்தேன்" என்று என் பெயரைச் சொல்லிக் கத்தினார். இரண்டு ஊரும் கேட்டது.

பன்னை ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். அடுத்த வருடம் திருப்பி எறியவேண்டும் என்று சாயங்காலம் லயனலிடம் சொன்னேன். அடுத்த வருடம் நீ எந்தக் கரையில் நிற்பாய், என்னோடு விண்டலிலா என்று கேட்டார்.

பாவம், இந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும். நான் முடியாது என்று சொல்லவில்லை.